ஒரு வீட்டில் மூன்று தாடி!

"மாமா! இதைவிட உயர்ந்த ரேஸர் கிடையாது என்று சொல்லித்தான் கடையில் கொடுத்தார்கள். ஐந்து பிளேடு! அப்படியும் என் கழுத்தைப் பாருங்கள்!"

என் தங்கை மகன் சட்டைக் காலரைத் தாழ்த்திக் காட்டினான். பார்த்தேன். தாடைக்குக் கீழே சிவப்புச் சிவப்பாகக் கொப்புளங்கள். சில கொப்புளங்கள் காய்ந்து கறுத்துத் தழும்பாகி இருந்தன.

பையனுக்குப் பதினெட்டு வயது. கல்லூரியில் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. "இது என்னடா கழுத்தில்?" என்று கூடப் படிக்கிறவர்கள் கேட்கிறார்களாம். அதனால் எவ்வளவு வெயில் அடித்தாலும் காலர் பொத்தானைக் கழற்றுவது இல்லை. வகுப்பில் கடைசி வரிசையில் போய் உட்காருகிறானாம்.

"தினமும் வழிக்கிறாயா?" என்று கேட்டேன்.

"காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை. அடிக்கடி வழித்தால் தாடி அடர்த்தியாக வளரும் என்கிறார்களே!"

அப்போது அவனுடைய அப்பா குறுக்கிட்டார். "மச்சான், அதை மட்டும் கேட்காதீர்கள். அவனுடைய பிளேடு தீர்ந்துவிட்டது. நான்கு நாட்களாக என் ரேஸரை எடுத்து வழிக்கிறான். அதற்கு முன்னால் அப்பாவும் அதில்தான் வழித்தார்!"

திண்ணையில் பெரியவர் உட்கார்ந்து இருந்தார். கன்னத்தில் பஞ்சு ஒட்டி இருந்தது. அவருக்கு இருதய நோய். ரத்தம் கட்டிக்கொள்ளாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார். வயது எழுபத்தைந்து. கை நடுங்குகிறது. காலையில் லேசாகக் கீறிய இடத்தில் பத்து மணி வரை ரத்தம் கசிந்துகொண்டே இருந்ததாம்.

ஒரே வீடு. மூன்று ஆண்கள். ஒரே ரேஸர்!

"அண்ணா, எந்த ரேஸர் நல்லது என்று நீங்களே சொல்லுங்கள். அதையே மூன்று பேருக்கும் வாங்கிவிடுகிறேன்" என்றாள் தங்கை.

"கேள்வியே தப்பு அம்மா" என்றேன். "எந்தச் செருப்பு நல்லது என்று யாராவது கேட்பார்களா? காலுக்குப் பொருந்துகிற செருப்புதான் நல்ல செருப்பு. ரேஸரும் அப்படித்தான்!"

அன்று அவர்களிடம் சொன்னதை உங்களிடமும் சொல்கிறேன். உங்கள் வீட்டிலும் தாத்தா, அப்பா, பிள்ளை என்று மூன்று தாடி இருக்கலாம் அல்லவா?

பிளேடு வந்த கதை

ஒரு காலத்தில் சவரம் என்றால் நீளமான கத்திதான். அதைக் கல்லில் தீட்ட வேண்டும். தோல் வாரில் தடவிக் கூர் ஏற்ற வேண்டும். கை பழகாதவர்கள் தொட முடியாது.

அமெரிக்காவில் ஜில்லெட் என்று ஒருவர் இருந்தார். பாட்டில் மூடி விற்கும் கம்பெனியில் வேலை பார்த்தவர். "ஒரு பொருளை மக்கள் வாங்க வேண்டும், உபயோகித்துத் தூக்கி எறிய வேண்டும், திரும்பவும் வாங்க வேண்டும். அப்படி என்ன பொருள் இருக்கிறது?" என்று யோசித்தார். மெல்லிய பிளேடு அவர் மூளையில் உதித்தது!

1901-ம் ஆண்டில் கம்பெனி தொடங்கினார். 1903-ம் ஆண்டில் விற்பனை ஆரம்பம். அந்த ஆண்டு முழுவதும் விற்றது எவ்வளவு தெரியுமா? 51 ரேஸர், 168 பிளேடு! அவ்வளவுதான். ஆனால் அடுத்த ஆண்டே 90 ஆயிரம் ரேஸர்களுக்கு மேல் விற்றுத் தீர்ந்தன.

முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்துக்குச் சுமார் 35 லட்சம் ரேஸர்கள் போயின. போர் முடிந்து வீடு திரும்பிய சிப்பாய்கள், தங்கள் கையாலேயே முகம் வழிக்கும் பழக்கத்தையும் கொண்டுபோனார்கள்.

இதில் உள்ள வியாபார ரகசியத்தைக் கவனியுங்கள். ரேஸரை ஒரு தடவை வாங்குகிறோம். பிளேடை ஆயுள் முழுவதும் வாங்குகிறோம்!

ஆகவே, ரேஸர் வாங்கும்போது அதன் விலையைப் பார்த்து ஏமாறக் கூடாது. "இதற்கு மாற்று பிளேடு என்ன விலை? நம் ஊர்க் கடையில் கிடைக்குமா?" என்று முதலில் கேட்க வேண்டும்.

ஒன்றா? ஐந்தா?

பல காலம் ரேஸரில் ஒரு பிளேடுதான் இருந்தது. 1971-ம் ஆண்டில் அது இரண்டு ஆயிற்று. 1998-ல் மூன்று. 2006-ல் ஐந்து!

பிளேடு கூடினால் என்ன ஆகும்? முன்னால் போகும் பிளேடு முடியைப் பிடித்துச் சற்று மேலே இழுத்து வெட்டுகிறது. அந்த முடி மறுபடி உள்ளே இறங்குவதற்குள், பின்னால் வரும் பிளேடு இன்னும் கீழே வெட்டுகிறது. ஆகவே, வெட்டுப்பட்ட முடியின் நுனி தோலுக்கும் கீழே போய்விடுகிறது. தடவிப் பார்த்தால் கன்னம் வழவழ என்று இருக்கும்.

நேரான முடி உள்ளவர்களுக்கு இதனால் கெடுதல் இல்லை. ஆனால், சுருட்டை முடி உள்ளவர்களுக்கு? அங்கேதான் ஆபத்து!

தோலுக்குக் கீழே வெட்டுப்பட்ட முடியின் நுனி ஈட்டி போலக் கூர்மையாக இருக்கும். அது வளரும்போது நேரே வெளியே வராமல், வளைந்து பக்கத்துத் தோலில் குத்தும். முள் தைத்தால் உடம்பு என்ன செய்யும்? அந்த இடம் சிவக்கும், வீங்கும், சீழ் வைக்கும். தன் முடியே தனக்கு முள்!

என் மருமகனின் தொல்லை இதுதான். அவன் தலைமுடியும் தாடியும் சுருட்டை. விலை கூடிய ரேஸர் அவனுக்குப் பகையாகிவிட்டது. கொப்புளம் வந்த இடத்தையே தினம் இரண்டு முறை வழித்தான். புண்ணின் மேல் புண்!

இன்னொரு சேதியும் சொல்லுகிறேன். ஐந்து பிளேடு விற்ற அதே ஜில்லெட் கம்பெனி, 2010-ம் ஆண்டில் இந்தியாவுக்காக என்றே ஒரு ரேஸர் செய்தது. விலை பதினைந்து ரூபாய். அதில் எத்தனை பிளேடு? ஒன்றே ஒன்று! நம் கிராமங்களில் குழாயைத் திறந்துவிட்டுச் சவரம் செய்ய முடியாது. ஒரு குவளைத் தண்ணீரில் காரியம் முடிய வேண்டும். பல பிளேடுகளுக்கு நடுவே முடி அடைத்துக்கொண்டால் குவளைத் தண்ணீரில் அலசி எடுப்பது கஷ்டம். இதையெல்லாம் வீடு வீடாகப் பார்த்துத்தான் அப்படிச் செய்தார்கள்.

இதிலிருந்து என்ன தெரிகிறது? எண்ணிக்கை முக்கியம் அல்ல. ஆளும் இடமும்தான் முக்கியம்!

பிள்ளைக்கு: டிரிம்மர்

முடி உள்ளே வளைந்து குத்துகிறவர்களுக்கு நல்ல வழி, ஒட்ட வழிக்காமல் இருப்பதுதான். ஒரு மில்லிமீட்டர் உயரம் விட்டுக் கத்தரித்தால் போதும். முடியின் நுனி தோலுக்கு வெளியே நிற்கும். உள்ளே குத்தாது.

இதற்கு ஏற்றது டிரிம்மர். இரண்டு சீப்புகளை ஒன்றன் மேல் ஒன்று வைத்தது போலப் பற்கள் இருக்கும். ஒன்று அசையாது. மற்றது வேகமாகப் பக்கவாட்டில் ஆடும். நடுவில் சிக்கிய முடி வெட்டுப்படும். சலூனில் தலைமுடி வெட்டும் மிஷினின் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள்!

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை நான்கு. ஒன்று: ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு வெட்டுமா? இரண்டு: தலைப்பகுதியைக் கழற்றிச் சுத்தம் செய்ய முடியுமா? மூன்று: தண்ணீரில் கழுவலாம் என்று பெட்டியில் எழுதி இருக்கிறதா? நான்கு: ஒரு முறை சார்ஜ் செய்தால் எவ்வளவு நேரம் ஓடும்?

"ஒரு மில்லிமீட்டர் தாடியோடு கல்லூரிக்குப் போனால் நன்றாகவா இருக்கும்?" என்று தங்கை கேட்டாள். கொப்புளத்தோடு போவதைவிட அது ஆயிரம் மடங்கு மேல்!

சீழ் வைத்தாலும், வலி கூடினாலும் தோல் டாக்டரிடம் காட்ட வேண்டும். கையால் கிள்ளக் கூடாது. ஊசியால் குத்தித் தோண்டக் கூடாது.

தாத்தாவுக்கு: மின்சார ரேஸர்

அமெரிக்க ராணுவத்தில் இருந்த ஷிக் என்பவர், தண்ணீரும் சோப்பும் இல்லாமல் சவரம் செய்யும் மின்சார ரேஸரை 1931-ம் ஆண்டில் கடைக்குக் கொண்டுவந்தார். 1939-ல் ஹாலந்து நாட்டு பிலிப்ஸ் கம்பெனி வட்டமாகச் சுழலும் ரேஸரைச் செய்தது. 1950-ல் ஜெர்மனியின் பிரவுன் கம்பெனி, மெல்லிய சல்லடைத் தகடு உள்ள ரேஸரை விற்றது. இன்றும் மின்சார ரேஸரில் இந்த இரண்டு சாதிகள்தான்!

இதில் பிளேடு நேராகத் தோலில் படுவது இல்லை. நடுவில் ஒரு தகடு இருக்கிறது. தகட்டின் ஓட்டை வழியாக முடி உள்ளே நுழையும். உள்ளே இருக்கும் பிளேடு அதை வெட்டும். ஆகவே, தோல் கீறும் ஆபத்து மிகவும் குறைவு.

யார் இதை வாங்க வேண்டும்? ரத்தம் கட்டாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள். கை நடுக்கம் உள்ளவர்கள். சர்க்கரை நோயால் புண் சீக்கிரம் ஆறாதவர்கள். கண் பார்வை மங்கியவர்கள். இவர்களுக்கு மின்சார ரேஸர் ஆடம்பரம் அல்ல, அவசியம்!

சல்லடைத் தகடு உள்ளதை நேராக மேலும் கீழும் ஓட்ட வேண்டும். தினமும் சவரம் செய்கிறவர்களுக்கு இது நல்லது. சுழலும் வகையைச் சின்னச் சின்ன வட்டமாக ஓட்ட வேண்டும். தாடை, கழுத்து வளைவுகளில் இது நன்றாகப் படியும்.

ஒரு வாரத் தாடியை மின்சார ரேஸர் வெட்டாது. முடி ஓட்டைக்குள் நுழையாமல் படுத்துக்கொள்ளும். முதலில் டிரிம்மரால் கத்தரித்துக்கொள்ள வேண்டும். தவிர, புதிதாக வாங்கியவர்கள் இரண்டு மூன்று வாரம் பொறுத்துப் பார்க்க வேண்டும். முகம் பழக அவ்வளவு நாள் பிடிக்கும். முதல் நாளே "காசு தண்டம்" என்று மூலையில் போடக் கூடாது.

அப்பாவுக்கு: பழைய ரேஸர், புது பிளேடு

தங்கை கணவருக்கு முடி நேராக இருக்கிறது. நோய் எதுவும் இல்லை. கை உறுதியாக இருக்கிறது. அவருக்கு இரண்டு பக்கக் கூர் உள்ள ஒற்றை பிளேடு ரேஸரே போதும். செலவும் குறைவு.

ஆனால் அவரிடம் ஒரு கஞ்சத்தனம்! ஒரு பிளேடை ஒரு மாதம் ஓட்டுகிறார். "முடி மெதுவானது, பிளேடு இரும்பு. எப்படி மழுங்கும்?" என்று கேட்டார்.

நல்ல கேள்வி! இதே கேள்வியை அமெரிக்காவில் எம்.ஐ.டி. விஞ்ஞானிகளும் கேட்டார்கள். நம் முடியைவிடப் பிளேடு 50 மடங்கு கடினமானது. அப்படி இருந்தும் பிளேடு ஏன் கெடுகிறது? நுண்பெருக்கிக் கருவி வைத்துப் பார்த்து, 2020-ம் ஆண்டில் விடை சொன்னார்கள். முடி சாய்ந்து வளையும்போது, பிளேடின் ஓரத்தில் பலவீனமான இடமாகப் பார்த்துத் துளி துளியாகப் பெயர்த்துவிடுகிறதாம். ரம்பம் போல ஓரம் பல்லாகிவிடுகிறது. அந்தப் பல்தான் முகத்தைக் கீறுகிறது!

ஐந்து முதல் ஏழு தடவை உபயோகித்ததும் பிளேடை மாற்றுங்கள் என்று தோல் டாக்டர்கள் சொல்கிறார்கள். முடியை இழுக்க ஆரம்பித்தால் அதற்கு முன்பே மாற்றுங்கள்.

பழைய பிளேடைச் சும்மா குப்பையில் போடக் கூடாது. குப்பை அள்ளுகிறவரும் நம்மைப் போல் பிள்ளைகுட்டிக்காரர்தான். அவர் கை கிழிந்தால் பாவம் நம்முடையது. ஒரு பழைய டப்பாவில் சேர்த்துவையுங்கள். நிறைந்ததும் இறுக மூடி, கனத்த காகிதத்தில் சுற்றி, "பிளேடு" என்று எழுதிக் கொடுங்கள்.

கருவி பாதி, கைப்பழக்கம் பாதி

பிளேடு ரேஸர் எதை வாங்கினாலும், காய்ந்த முகத்தில் வழித்தால் எரியத்தான் செய்யும். வெந்நீரால் இரண்டு மூன்று நிமிடம் முகத்தை நனையுங்கள். முடி தண்ணீரைக் குடித்து மெதுவாகிவிடும். குளித்தவுடன் சவரம் செய்தால் இன்னும் நல்லது. பிறகு நுரை போடுங்கள்.

முடி எந்தப் பக்கம் வளர்கிறதோ, அந்தப் பக்கமாகவே வழியுங்கள். எதிர்ப்பக்கம் வழிக்காதீர்கள். ரேஸரை அழுத்தாதீர்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் பிளேடை அலசுங்கள்.

அடிக்கடி வழித்தால் முடி தடித்து வளரும் என்பது வெறும் பேச்சு. மில்ட்ரெட் டிராட்டர் என்ற அமெரிக்கப் பெண் விஞ்ஞானி, 1928-ம் ஆண்டிலேயே இதைச் சோதித்துப் பார்த்து, "சவரத்தால் முடி தடிப்பது இல்லை" என்று எழுதிவிட்டார். வெட்டிய முடியின் நுனி மொட்டையாக இருப்பதால், தடவினால் முரடாகத் தோன்றுகிறது. அவ்வளவுதான்! முடி வளர்வது வேரில். பிளேடு போவது மேலே.

லேசர் செய்துகொள்ளலாமா?

மார்பிலும் முதுகிலும் முடி வேண்டாம் என்று இப்போது இளைஞர்கள் நினைக்கிறார்கள். அதற்கு டிரிம்மரே போதும். முடி நீக்கும் கிரீம் போடுவதானால், முதலில் கையில் ஓர் ஓரத்தில் தடவி ஒரு நாள் பாருங்கள். புண் உள்ள இடத்தில் போடவே கூடாது.

லேசர் என்பது ஒளியால் முடியின் வேரைச் சுடுவது. முடியின் கறுப்புதான் அந்த ஒளியைப் பிடிக்கிறது. நரைத்த முடியில் அது வேலை செய்யாது. நம் தோலிலும் அதே கறுப்பு இருக்கிறது! தவறான கருவியால் செய்தால் தோல் வெந்துபோகும். கறுத்த தோலுக்கு ஏற்ற லேசர் தனியாக உண்டு. அதைத் தோல் டாக்டரிடம் கேட்டுத்தான் செய்துகொள்ள வேண்டும். வீட்டில் வைத்துக்கொள்ளும் ஒளிக் கருவிகளில், எந்த நிறத் தோலுக்கு ஆகாது என்று பெட்டியிலேயே போட்டிருப்பார்கள். படிக்காமல் வாங்காதீர்கள்.

ஓர் ஆளுக்கு ஒரு ரேஸர்!

எல்லாவற்றையும்விட முக்கியமானதைக் கடைசியில் சொல்கிறேன். இதை மறந்தாலும் அதை மறக்கக் கூடாது.

ஒரு ரேஸரை இரண்டு பேர் உபயோகிக்கக் கூடாது. அப்பாவாக இருந்தாலும் சரி. கூடப் பிறந்தவராக இருந்தாலும் சரி!

சவரத்தில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் ஏற்படும். அதில் கசியும் ரத்தம் பிளேடில் ஒட்டும். ஈரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி என்ற நோய்க்கிருமி இருக்கிறதே, அது உடம்புக்கு வெளியே ஏழு நாட்களாவது உயிரோடு இருக்கும். நோய் உள்ளவருக்கே அது தெரியாமல் இருக்கலாம். திங்கட்கிழமை அண்ணன் வழித்த ரேஸரில் வெள்ளிக்கிழமை தம்பி வழித்தால் போதும். நோய் தொற்றலாம். மேலே தண்ணீரில் அலசிவிட்டால் கிருமி போய்விடாது.

சலூனுக்குப் போனாலும் இதே சட்டம்தான். "அண்ணே, புது பிளேடு போடுங்கள்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். கூச்சம் எதற்கு? உறையைப் பிரித்து உங்கள் கண் முன்னால் பிளேடை மாட்டுகிறவர்தான் நல்ல தொழிலாளி. அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். எல்லோருக்கும் தடவும் ஒரே படிகாரக் கட்டியையும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

பையன் முதல் முதலாக முகம் வழிக்கும் நாள் வரும். அன்று அப்பாக்கள் ஒரு காரியம் செய்ய வேண்டும். அவனுக்கு என்று ஒரு கருவியை வாங்கிக் கொடுத்து, பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுக்க வேண்டும். என் தங்கை வீட்டில் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பையன் செல்போன் விளம்பரத்தைப் பார்த்துக் கற்றுக்கொண்டான். அதன் பலன்தான் அந்தக் கழுத்து!

இரண்டு மாதம் கழித்துத் தங்கை வீட்டுக்குப் போனேன். குளியல் அறைச் சுவரில் மூன்று ஆணி. மூன்று பை. ஒவ்வொன்றிலும் ஒரு பெயர் எழுதி இருந்தது.

பெரியவர் கன்னத்தில் பஞ்சு இல்லை. "தம்பி, இது வண்டு மாதிரி சத்தம் போடுகிறது. ஆனால் கடிக்கவில்லை!" என்று சிரித்தார்.

மருமகன் கல்லூரிக்குப் புறப்பட்டுக்கொண்டு இருந்தான். கழுத்தில் கறுப்புத் தழும்பு இன்னும் மறையவில்லை. அதற்கு இன்னும் சில மாதம் ஆகும். ஆனால் புதுக் கொப்புளம் ஒன்றுகூட இல்லை. சட்டையின் மேல் பொத்தான் திறந்து இருந்தது!

ஆகவே, அடுத்த வீட்டுக்காரரின் முகத்தைப் பார்த்து ரேஸர் வாங்காதீர்கள். கண்ணாடியில் உங்கள் முகத்தைப் பார்த்து வாங்குங்கள்!